நாலாம் பாடம்

நீங்கதான் லைப்ரரி மேடமா? இல்ல, கேட்டுக்கிறேன். கேட்ல வாட்ச்மேன் "உள்ள கண்ணாடி போட்டவங்க உக்காந்திருப்பாங்க, அவங்கதான்"னு சொன்னாரு. ஒருத்தர் சொன்னா ஆச்சா? இங்க கண்ணாடி போடாத ஆளே இல்லையே. கழுத்துல தொங்குற கார்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க. ஸ்டெல்லா புனிதா, நூலகர். சரி, போட்டோவும் நீங்கதான். அப்ப உங்ககிட்டதான் நான் சண்டை போட வந்திருக்கேன்.

எந்திரிக்காதீங்க, உக்காருங்க. நான் நின்னுக்கிட்டே பேசுறேன். உக்காந்தா எனக்குக் கோவம் இறங்கிரும், இறங்கக் கூடாதுன்னுதான் பஸ்லயும் நின்னுக்கிட்டே வந்தேன்.

என் பேரு தங்கபுஷ்பம். செகண்ட் இயர் பி.காம் படிக்கிற ஜெயதுர்காவோட அம்மா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இட்லி மாவு அரைச்சு விக்கிறேன். எம்மக எங்கிட்ட ஒழுங்கா முகம் குடுத்துப் பேசி மூணு வாரமாகுது மேடம். "சாவி எங்க", "சாப்பிட்டாச்சு", "வர்றேன்". அம்புட்டுதான் பேச்சு. ஒரே பிள்ளை. அவ பேசலைன்னா எங்க வீட்டுல கிரைண்டர் சத்தம் மட்டுந்தான். எங்க வீட்டுக்காரர் எப்பவும் வாயைத் திறக்க மாட்டாரு, அவரைக் கணக்குல சேர்க்காதீங்க. அவ பேசாததுக்குக் காரணம் உங்க பாடம். அதனால நீங்களே அவளைக் கூப்பிட்டு, "உங்கம்மா செஞ்சதுல தப்பே இல்ல, போய்ப் பேசு"ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். சொல்லுங்க, நான் போயிருவேன். சொல்லலைன்னா ப்ரின்சிபாலைப் பார்ப்பேன். அவர் ரூம் எந்தப் பக்கம்னு வர்றப்பவே பார்த்து வச்சுட்டேன்.

எந்தப் பாடமா? அதான், போன்லயே படிக்கிறதுன்னு ஒண்ணு போட்டு விட்டிருக்கீங்களே. 'யார் சொன்னது?'ன்னு பேரு. கேக்குற செய்தியை நம்பலாமா வேண்டாமா, எங்க போய்த் தேடணும், எப்படிச் சரி பார்க்கணும்னு. அதுல பேசுறது உங்க குரல்தானே? நினைச்சேன். மூணாம் பாடத்துல நடுவுல ஒரு இருமல் வரும். அப்பவே எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், பாவம் இந்தப் பொம்பளைக்கு சளி கட்டியிருக்கு, யாராச்சும் மிளகு ரசம் வச்சுக் குடுத்தா தேவலைன்னு. இப்பத் தேவலையா? சரி, அது கிடக்கட்டும், நான் சண்டைக்கு வந்தவ.

அவ போன் கண்ணாடி உடைஞ்சு போய் ரிப்பேருக்குக் குடுத்திருந்தா. அந்த வாரம் பூரா என் போன்லதான் அந்தப் பாடத்தைப் படிச்சா. படிச்சிட்டு அப்படியே விட்டுட்டுப் போயிட்டா. நான் மாவு ஓடுறப்ப சும்மாதானே உக்காந்திருக்கேன்? எடுத்துப் பார்த்தேன். "அவசரமே இல்லை, உங்கள் வேகத்தில் படிக்கலாம்"னு உங்க குரல் சொல்லுது. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. நான் படிச்ச காலத்துல எந்த டீச்சரும் அப்படிச் சொன்னதில்ல. ஸ்கேலைத் தூக்கிக்கிட்டுத்தான் வருவாங்க. சரி, நம்ம வேகத்துலதான் பார்ப்போமேன்னு ஆரம்பிச்சேன்.

மொதப் பாடம் எனக்கு ஒண்ணுமே இல்ல. சொன்னது யாரு, அவருக்கு அதுல என்ன லாபம், எப்ப சொன்னாரு. இதைப் பாடம்னு வேற வைக்கணுமான்னு நினைச்சேன். கேள்வி அம்புட்டுக்கும் சரியா பதில் போட்டு, பச்சை டிக் வாங்கினேன். அது எம்மக பேருல ஏறிருச்சாம். ஏறட்டுமே, நல்ல மார்க்குதானே ஏறுச்சு? அதுக்கும் கத்தினா.

ரெண்டாவதுதான் மேடம் என்னைப் பிடிச்சு உலுக்கிருச்சு. ஒரு செய்தியைப் பத்துப் பேரு சொன்னா அது பத்து சாட்சி இல்ல, பத்துப் பேரும் எங்க கேட்டாங்கன்னு பாருன்னு சொன்னீங்க பாருங்க, அது. ஏன்னா அந்த நேரம் எம்மகளுக்கு ஒரு வரன் அமைஞ்சு, நிச்சயத்துக்கு நாள் குறிச்சிருந்துச்சு.

படிக்கிற பிள்ளைக்குக் கல்யாணமான்னு முகத்தைச் சுருக்காதீங்க. படிப்பு முடிஞ்சப்புறந்தான் கல்யாணம்னு சொல்லித்தான் பேசினோம். எங்க அண்ணன் சௌந்தரபாண்டி கொண்டு வந்த இடம். மாப்பிள்ளை பேரு பாலமுரளி. கோயமுத்தூர் பக்கம் ஒரு காலேஜ்ல வாத்தியாரு, அதுவும் டாக்டர் பட்டம் வாங்கினவரு. ஆராய்ச்சி பண்ணி வாங்குவாங்கள்ல, அது. எங்க வகையறாவுல யாரும் அம்புட்டு தூரம் படிச்சதில்ல. நான் சும்மா இருப்பேனா? மாவு வாங்க வர்றவங்ககிட்ட எல்லாம் சொன்னேன். ஒரு கிலோ மாவு, ஒரு மாப்பிள்ளை சேதி. அப்படித்தான் போயிட்டிருந்துச்சு.

நாங்க விசாரிக்காம இல்ல. நல்லா விசாரிச்சோம். உரக்கடைக்காரர் சொன்னாரு, டாக்டர்தான்னு. எங்க அண்ணனோட மாமியார் சொன்னாங்க. ஜாதகம் பார்த்தவரு சொன்னாரு. தெருக்கோடியில இருக்குற ரிட்டயர்டு தாசில்தார், அவரே சொன்னாரு. அதுக்கு மேல யாரு வேணும்? உங்க ரெண்டாம் பாடத்தைக் கேட்டப்புறம் எனக்கு என்னமோ உறுத்துச்சு. மறுநாள் செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன். உரக்கடைக்காரர்கிட்டப் போய், "உங்களுக்கு யார் சொன்னா?"ன்னேன். "உங்க அண்ணன்தான்"ங்கிறாரு. மாமியார்கிட்டக் கேட்டா, "எம் மருமகன் சொன்னாரு"ங்கிறாங்க. தாசில்தார் கொஞ்சம் யோசிச்சாரு. யோசிச்சுட்டு, "டீக்கடையில உங்க அண்ணன் பேசிக்கிட்டிருந்தப்ப காதுல விழுந்துச்சு"ன்னாரு. ஜாதகக்காரர் என்னையே கேக்குறாரு, "நீங்கதானேம்மா சொன்னீங்க?"ன்னு!

அண்ணன்கிட்டப் போனேன். அவருக்குக் கல்யாண புரோக்கர் சொன்னாராம். புரோக்கருக்கு? மாப்பிள்ளை விவரம்னு ஒரு பேப்பர் எல்லார் கையிலயும் இருக்கே, அதுல இருக்காம். அந்தப் பேப்பரை அடிச்சது யாரு? அதே புரோக்கர்தான். ஒரே கிணத்துத் தண்ணியை எல்லாரும் ஆளுக்கொரு குடத்துல மொண்டு வச்சிருக்கோம் மேடம். குடத்தை எண்ணிப் பார்த்துட்டு ஊர்ல நிறையக் கிணறு இருக்குன்னு நாங்களா சந்தோஷப்பட்டுக்கிட்டோம்.

அன்னைக்கே மூணாம் பாடத்தைப் போட்டேன். அதுல நீங்க சொல்லிக் குடுக்கிறீங்க, டாக்டர் பட்டத்துக்கு எழுதுற ஆராய்ச்சிப் புத்தகத்தை எல்லாம் நெட்டுல ஒரு இடத்துல சேர்த்து வச்சிருக்காங்க, பேரைப் போட்டாத் தேடிப் பார்க்கலாம்னு. இருமல் வந்தது அந்த இடத்துலதான். நான் ஜெயதுர்காவைக் கூப்பிட்டு, "இவரு பேரைப் போடுடி"ன்னேன். அவ சிரிக்கிறா. "நான் எப்பவோ போட்டுப் பார்த்தாச்சும்மா. கிடைக்கல"ன்னா. எப்படி இருக்கும் எனக்கு? "அப்ப ஏன்டி சொல்லல?"ன்னேன். "கிடைக்கலன்னா இல்லன்னு அர்த்தம் இல்ல. லேட்டா ஏத்தியிருக்கலாம், பேரை வேற மாதிரி எழுதியிருக்கலாம். அவர் நம்பரை வாங்கிக் குடு, நானே நேரா கேட்டுக்கிறேன்"னா.

நீங்களே சொல்லுங்க மேடம். நிச்சயத்துக்கு முன்னாடி பொண்ணு மாப்பிள்ளைக்குப் போன் போடுறதா? எங்க பக்கம் அப்படிப் பழக்கமே இல்ல. நாலு பேரு என்ன சொல்லுவாங்க? "வாயை மூடிக்கிட்டு இரு, விசாரிக்கிறது பெரியவங்க வேலை"ன்னு சொல்லிட்டேன். நாங்க ஊர் பூரா விசாரிச்சோம். அந்தப் பையனை ஒருத்தனைத் தவிர எல்லார்கிட்டயும் விசாரிச்சோம்.

என்ன சிரிக்கிறீங்க? சிரிக்கலையா? சரி.

நாலாம் பாடமா? படிக்கல. எதுக்குப் படிக்கணும்? மூணுலயே என் வேலை முடிஞ்சு போச்சே. காய்ச்சல் விட்டதுக்கப்புறம் மிச்ச மாத்திரையை எவ சாப்பிடுவா? அதோட மறுநாள் நிச்சயம். வடைக்கு ஊறப் போடணும், பந்தலுக்காரன் வரல, எனக்கு அம்புட்டு வேலை. நம்ம வேகத்துல படிக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க? என் வேகம் மூணோட நின்னுச்சு.

நிச்சயம் எங்க வீட்டு வாசல்லதான் நடந்துச்சு. பந்தல் போட்டு, ஜமக்காளம் விரிச்சு, தட்டு எல்லாம் வரிசையா வச்சாச்சு. எங்க சொந்தத்துல ஒரு பெரியவர் நிச்சயப் பத்திரிகையை எடுத்து நீட்டி முழக்கி வாசிக்கிறாரு. தாத்தா பேரு, அப்பா பேரு எல்லாம் வந்துச்சு. "குமாரன் திருநிறைச்செல்வன் டாக்டர் பாலமுரளிக்கும்"னாரு பாருங்க. இது இப்ப எழுத்துல ஏறுது, நாளைக்கு இதைக் காட்டித்தான் எல்லாரும் பேசுவாங்கன்னு தோணுச்சு. எந்திரிச்சு "நிறுத்துங்க"ன்னுட்டேன்.

அம்புட்டுப் பேரும் என்னைத்தான் பார்க்குறாங்க. தட்டுல எதையோ வைக்க மறந்துட்டாங்க போலன்னு ஒருத்தி வெத்தலையை எண்ண ஆரம்பிச்சுட்டா. நான் மாப்பிள்ளையைப் பார்த்து, "தம்பி, உங்க ஆராய்ச்சிப் புத்தகத்துக்குப் பேரு என்ன? தேடிப் பார்த்தோம், எங்கயும் காணோமே?"ன்னு கேட்டேன். எங்க அண்ணன் என் முந்தானையைப் பிடிச்சு இழுக்குறாரு. மாப்பிள்ளையோட அப்பா, "சபையில பொம்பளை கேக்குற கேள்வியா இது?"ன்னாரு. "பொம்பளை பெத்த பொண்ணைத்தானே குடுக்குறோம், பொம்பளைதான் கேப்பா"ன்னேன். அதை நான் இன்னைக்கும் சொல்லுவேன். எங்க வேணாலும் சொல்லுவேன்.

அந்தப் பையன் எந்திரிச்சான். கையைக் கட்டிக்கிட்டு, மெதுவா, "அத்தை, நான் இன்னும் பட்டம் வாங்கல. ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன், எழுத இன்னும் நிறைய பாக்கி இருக்கு. டாக்டர்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. இந்தப் பத்திரிகையில அப்படிப் போட்டிருக்குன்னு இப்பத்தான் எனக்கே தெரியும்"னான். அவ்வளவு பேரு முன்னாடி. அவன் முகத்துல பொய் இல்ல மேடம், அதை நான் மறைக்க மாட்டேன். எல்லாரும் புரோக்கரைப் பார்த்தோம். அவரு பந்தல்ல கட்டியிருந்த ஃபேனைப் பார்த்துக்கிட்டிருந்தாரு.

அவங்க அப்பாவுக்கு அவமானமாப் போச்சு. "எம்மகனை நிக்க வச்சு விசாரிக்க இது என்ன கோர்ட்டா?"ன்னு கேட்டுட்டு, வந்த தட்டை எல்லாம் எடுத்துக்கிட்டு வேன்ல ஏறிட்டாரு. பையன் மட்டும் வேன்ல ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். வடை அப்படியே கிடந்துச்சு. தெருவுல இருக்குற நாயெல்லாம் அன்னைக்கு நல்லாச் சாப்பிட்டுச்சு.

எங்க அண்ணன் இன்னைக்கு வரைக்கும் எங்கிட்டப் பேசல. பேசாட்டிப் போகட்டும். பொய்யைச் சுமந்துட்டு வந்தவரு அவரு, நான் ஏன் தலை குனியணும்? மாவு வாங்க வர்றவங்க "பாவம், நிச்சயம் நின்னு போச்சாமே"ன்னு இழுக்குறாங்க. "நிக்கல, நான் நிறுத்தினேன்"னு சொல்லி மாவைக் கட்டிக் குடுக்கிறேன். எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. எம்மக இருக்காளே, அவ ஒருத்திதான். அவகிட்ட என்னால அப்படி இருக்க முடியல.

அன்னைக்குச் சாயங்காலம் பட்டுச் சேலையை மடிச்சு வச்சுட்டு வந்து எங்கிட்ட என்ன கேட்டா தெரியுமா? "நாலாம் பாடம் படிச்சியாம்மா?"ன்னா. இல்லடின்னேன். "அதுலதான் இருக்கு. ஒரு விஷயம் தப்புன்னு தெரிஞ்சாலும் ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி, சம்பந்தப்பட்ட ஆளை நேர்ல கேளு, அவர் பதில் சொல்ல இடம் குடுன்னு. நீ படிச்சிருந்தா முந்தின நாளே ஒரு போன்ல முடிஞ்சிருக்கும். ஒண்ணும் தப்பே பண்ணாத மனுஷனை சபையில நிக்க வச்சுட்டியே"ன்னா. சொல்லிட்டு உள்ள போனவதான்.

இப்பப் புரியுதா நான் எதுக்கு வந்தேன்னு? அம்புட்டு முக்கியமான பாடத்தைக் கொண்டு போய் நாலாவதா வைப்பாங்களா யாராச்சும்? மொதல்ல வச்சிருக்க வேண்டாமா? சந்தேகப்படு, தோண்டு, தேடுன்னு மூணு பாடமா ஆளை ஏத்தி விட்டுட்டு, கடைசியில போய்ப் பொறுமையா இருன்னா எப்படி? ஆளாளுக்கு ஒரு வேகம்னு சொன்னவங்க, பாதியில நிறுத்துறவளையும் நினைச்சுப் பார்த்திருக்கணுமா இல்லையா? மாத்தி வைங்க. இனிமே படிக்கிற பிள்ளைங்களோட அம்மாவுக்காச்சும் உதவும். எழுதிக்கிறீங்களா? எழுதிக்கோங்க. நான் சொன்னேன்னே எழுதுங்க.

ஆனா ஒண்ணு சொல்றேன். பேச்சுதான் இல்லையே தவிர, படிப்புல அவ ஒரு குறையும் வைக்கல. உங்க பாடத்தை இன்னமும் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கா. தினம் சாயங்காலம் காதுல மாட்டிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிருவா. "என்னடி"ன்னா, "லைப்ரரியோட அஞ்சாம் பாடம்"ங்கிறா. அம்புட்டு நீளமா மேடம் அது? முடியவே மாட்டேங்குது. நான் துணி எடுக்கப் போறப்பப் பார்ப்பேன். நல்லா ஊன்றிப் படிக்கிறா. "ம்", "அப்புறம்?"னு பாடத்துக்கே பதில் சொல்றா. சிரிக்கக் கூடச் செய்யுறா. எங்கிட்ட சிரிச்சே எம்புட்டோ நாளாச்சு, உங்க பாடத்தைக் கேட்டுச் சிரிக்கிறா. நேத்து, "மூணாம் அத்தியாயம் எழுதி முடிச்சாச்சா இல்லையா?"ன்னு மிரட்டுறா. பாடத்தைப் போய் யாராச்சும் மிரட்டுவாங்களா? எனக்கே ஒரு மாதிரி பொறாமையா இருந்துச்சு, இந்த லைப்ரரி மேடம் குரல்ல அப்படி என்னதான் இருக்குன்னு. அதனாலதான் சொல்றேன், நீங்க சொன்னா அவ கேப்பா.

என்ன? என்ன சொன்னீங்க?

நாலுதானா? அஞ்சாவதுன்னு ஒண்ணு இல்லவே இல்லையா? யார் சொன்னா?

ஓ. நீங்க சொல்றீங்க. செஞ்சவங்க நீங்க, உங்களை விட யாரு சொல்லணும். அந்த லிஸ்ட்டைக் கொஞ்சம் காட்டுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. கீழ ஒண்ணும் இல்ல.

அப்ப மூணாம் அத்தியாயம்னு அவ கேட்டது... அது எழுதிக்கிட்டிருக்கிறவனைக் கேட்ட கேள்வி.

இருங்க. கொஞ்சம் இருங்க. அந்தச் சேரை இப்படித் தள்ளுங்க, உக்காந்துக்கிறேன்.

தண்ணி வேண்டாம். போனை எடுத்தேன், பாருங்க, கை தன்னால அவ நம்பருக்குப் போகுது. "எங்கடி இருக்க, அந்தப் பையன்கூட என்னடி பேச்சு"ன்னு இங்க இருந்தே கத்தியிருப்பேன். இந்தப் பிள்ளைங்க அம்புட்டும் திரும்பிப் பார்த்திருக்கும். அவ இதே காலேஜ்லதானே உக்காந்திருக்கா, அவ காதுக்கே எட்டியிருக்கும். நான் அப்படித்தான் மேடம். நான் மாற மாட்டேன். நிச்சயத்தை நிறுத்தினதுக்கும் நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன். அவங்க அப்பா வந்து கேட்டாலும் இதேதான் சொல்லுவேன். டாக்டர்னு போட்டது பொய்தானே?

ஆனா அந்தப் பையன் திரும்பிப் பார்த்தான்னு சொன்னேன்ல. என்னைத்தான் முறைக்கிறான்னு நினைச்சேன். எனக்குப் பின்னாடிதான் இவ நின்னுக்கிட்டிருந்தா. இதையும் நான் யார்கிட்டயும் கேக்கல. நானா நினைச்சுக்கிட்டேன்.

அவளைக் கூப்பிட்டு நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் வந்தேன்னே சொல்லாதீங்க. சாயங்காலம் அவ மாடிக்குப் போறதுக்கு முன்னாடி நான் வீட்டுல இருக்கணும். அதுக்குள்ள அந்த நாலாவதை எனக்குப் போட்டு விடுங்க. இங்கயே உக்காந்து படிக்கிறேன். மெதுவா வைக்கணுமா? லைப்ரரின்னா? நான் வந்ததுலருந்து என்ன மெதுவாவா பேசிக்கிட்டிருக்கேன், சத்தமாவே வைங்க. யாராச்சும் கேட்டா, பி.காம் ஜெயதுர்காவோட அம்மா படிக்கிறாங்கன்னு சொல்லுங்க.

எம்மககிட்ட எப்படிக் கேக்கணும்னு அதுல இருக்கும்ல மேடம்?